பாகப் பத்திரத்தில் ஒரு தையல் மிஷின்

அத்தையின் தையல் மிஷினுக்கு இடது பக்கம் சிறிய மர இழுப்பறை ஒன்று உண்டு. அவர் காரியம் முடிந்த மறுநாள் அதைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. நூல் சுற்றிய பாபின்கள், ஓரம் கிழிந்த அளவு டேப், முனை தேய்ந்த தையல் சாக்பீஸ், உடைந்த ஊசிகளைச் சேர்த்து வைத்த ஒரு பல்பொடி டப்பா. உடைந்த ஊசியைத் தரையில் விட்டால் குழந்தைகள் காலில் ஏறும் என்று ஐம்பது வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் எண்ணெய் ஊறிய முத்திரைத்தாள் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது.

1979-ஆம் வருஷத்துத் தாள். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் அத்தையின் மாமனார் கட்டிய வீட்டை அவருடைய மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுதியது. முன்பக்கம் பெரிய கொழுந்தனாருக்கு, பின்பக்கமும் கிணற்றடியும் சின்னவருக்கு. காலமாகிவிட்ட நடு மகனின் மனைவிக்கு, அதாவது அத்தைக்கு, தையல் மிஷின் ஒன்று, ரொக்கம் ரூபாய் 2,000. கீழே அத்தையின் கையெழுத்து. மூன்றாம் வகுப்பு வரை படித்தவருடைய குண்டு குண்டான எழுத்து. கடைசி எழுத்தின் சுழி வரிக்கு வெளியே போயிருந்தது.

அந்த மிஷின் ஏற்கெனவே அவருடையது. மாமா 1969-ல் அவருக்கென்றே வாங்கிக் கொடுத்தது. அவருடைய பொருளையே அவருக்குப் பங்காகக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மிஷினின் கதையைத்தான் எழுத நினைக்கிறேன்.

அது கல்கத்தாவில் பிறந்தது. ஜே என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற கம்பெனியின் உஷா. 1930-களில் பிஷன் தாஸ் பாசில் என்பவர் இந்த நாட்டிலேயே தையல் மிஷின் செய்ய முனைந்து, தன் கடைசி மகளின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு டெல்லி லாலா ஸ்ரீராம் கம்பெனியைக் கையில் எடுத்துப் பெரிதாக்கினார். அதுவரை நம் வீடுகளில் தையல் மிஷின் என்றாலே சிங்கர்தான். கறுப்பு இரும்பு உடம்பு, பொன்னிறப் பூவேலை, பக்கவாட்டில் பளபளக்கும் சக்கரம் என்று சிங்கரின் சாயல் உஷாவிலும் அப்படியே இருந்தது. தலை மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும். கீழே வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, கொடி ஓடுகிற மாதிரி வார்த்தது. நடுவில் சல்லடை போன்ற பெடல். பெரிய சக்கரத்தையும் சின்னச் சக்கரத்தையும் தோல் வார் ஒன்று இணைக்கும்.

மாமா பின்னி மில்லில் வேலை பார்த்தார். 1884-ல் தொடங்கிய அந்த மில்லைச் சுற்றித்தான் பெங்களூரின் பழைய தமிழர் குடியிருப்புகள் பல உருவாயின. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களே ஏராளம். எங்கள் குடும்பத்துக்குக் குடியாத்தம். வீட்டுக்கு ஒருவர் மில்லில் இருப்பார், சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்கும். ஒரு தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்து, மாமா அவென்யூ ரோட்டுக் கடையிலிருந்து மிஷினைக் கைவண்டியில் ஏற்றி வந்தார். வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தாராம். தையல் மிஷினைத் தவணையில் விற்கும் வழக்கத்தை 1856-ல் அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி தொடங்கியது. கையில் மொத்தப் பணம் இல்லாத வீட்டுக்குள்ளும் மிஷின் நுழைந்தது அப்படித்தான். மாதச் சம்பளக்காரரான மாமாவின் வீட்டுக்குள்ளும் அப்படியே நுழைந்தது.

முதல் மூன்று வருஷம் அதில் தைத்ததெல்லாம் குழந்தைச் சட்டைகள், தலையணை உறைகள், தெருவில் யாராவது கேட்டால் ஒரு பாவாடை. காசு வாங்கவில்லை. மாமா ஷிப்டு முடிந்து வந்ததும் மிஷினுக்கு எண்ணெய் விடுவார். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு, பிறகு பழைய துணியில் நாலு வரி வெறும் தையல் ஓட்டி மிச்ச எண்ணெயை எடுப்பார். பின்னாளில் அத்தையும் அதே வரிசையில்தான் எண்ணெய் விட்டார். சின்ன வயதில் நான் அந்தப் பெடலில் கால் வைத்திருக்கிறேன். சக்கரம் முன்பக்கமாகச் சுழல வேண்டும். கால் தடுமாறிப் பின்பக்கம் சுழன்றால் நூல் அறுந்துவிடும். "பின்னாடி ஓட்டாதடா கண்ணு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். நூல் அறுபடும் சத்தம் அங்கே எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

1972-ல் மாமா மஞ்சள் காமாலையில் போனார். அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. மகனுக்கு நாலு, மகளுக்கு இரண்டு.

பத்தாம் நாள் நடந்ததை அத்தை ஒருபோதும் விவரமாகச் சொன்னதில்லை. பிறந்த வீட்டுக் கோடியாக எங்கள் அப்பா எடுத்துப்போன சேலையைப் பற்றி மட்டும் சொல்வார். விடிவதற்கு முன் இருட்டில் கூடத்தில் உட்கார வைத்து, பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். சுமங்கலிகள் பார்க்கக்கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். அதுவரை அவரிடம் பாவாடை தைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மிஷினின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். துக்க வீட்டில் அந்தச் சத்தம் ஆகாது என்று மாமியார் சொல்லிவிட்டார். வருஷாப்தி முடியும்வரை போர்வை எடுபடவில்லை. மூடிய மிஷினின் மேல் அரிசி மூட்டையை வைத்தார்கள். மேஜைப் பலகையில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளம் கடைசிவரை இருந்தது. துணி அந்த இடத்தில் லேசாகத் தடுக்கும்.

ஏழு வருஷம் அத்தை அந்த வீட்டின் சமையலையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டார். 1979-ல் மாமனாரும் போன பிறகுதான் பாயை விரித்துப் பஞ்சாயத்து. என் அப்பா அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார். "பொட்டச்சி தனியா நின்னு வீட்டுப் பங்கை வச்சு என்ன பண்ணப் போறா, கையில தொழில் இருக்கு, பொழச்சுக்குவா" என்று யாரோ பெரியவர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். அப்பாவும் ஆட்டினார். மாமாவின் தங்கையும் அங்கே இருந்தார். அவருக்கு மிஷின்கூடக் கிடைக்கவில்லை.

சட்டம் அப்போது என்ன சொன்னது என்பதைப் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் போனவரின் சுயார்ஜித சொத்தில் அவருக்கு முன்பே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். மாமியார், இரண்டு மகன்கள், ஒரு மகள், இறந்த மகனின் கிளை. ஐந்து பங்கு வைத்தால் ஒரு பங்கு அத்தைக்கும் இரண்டு குழந்தைகளுக்கும். பதிவு செய்யாத தாளில் வீட்டு உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. மைனர் பிள்ளைகளின் பங்கைக் கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் தொட முடியாது. கோர்ட்டில் அந்தத் தாள் ஒரு நாள்கூட நின்றிருக்காது. ஆனால் அத்தையைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போக ஆள் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொரு தேதி. மைசூர் சமஸ்தானம் இந்துப் பெண்களின் உரிமைச் சட்டத்தை இயற்றியது 1933-ல். மிர்ஸா இஸ்மாயில் திவானாக இருந்த காலம். குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது விதவைக்கும் தாய்க்கும் மணமாகாத மகளுக்கும் பங்கு உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது. பிரிட்டிஷ் இந்தியாவில் விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்த சட்டம் வர இன்னும் நாலு வருஷம் ஆனது. அதுவும் ஆயுளுள்ளவரை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்ற கட்டுடன் வந்தது. 1956-தான் அந்தக் கட்டை அவிழ்த்தது. பெங்களூரிலேயே கன்டோன்மென்ட் பிரிட்டிஷார் கையில் இருந்ததால், அல்சூர்த் தமிழச்சிக்கு இல்லாத உரிமை பேட்டைத் தமிழச்சிக்கு இருந்தது. ஸ்ரீராமபுரம் மைசூர்ப் பக்கம். அந்தப் பாய் விரிக்கப்படுவதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்பே, அதே மண்ணில், அத்தை மாதிரி ஒருத்திக்குப் பங்கு உண்டு என்று எழுதி முடித்தாகிவிட்டது.

அது மட்டும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மிஷின் வந்துவிட்டது.

ஏன் எப்போதும் தையல் மிஷின்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கணவனை இழந்தவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றினாலும் கை தானாக மிஷின் பக்கம் போகிறது. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். ஊர்ச் சங்கங்கள் ஆண்டுவிழாவில் பந்தல் போட்டு வரிசையாக மிஷின் வைத்துக் கொடுக்கின்றன. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மிஷின் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் என்பதை நான் பார்த்து வளர்ந்தவன். அந்த மிஷினின் சத்தத்தில்தான் என் அத்தை பிள்ளைகள் தூங்கினார்கள். ஆனால் மிஷினைக் கொடுப்பவர் தன்னிடமிருந்து எதையும் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. நிலத்தில் ஒரு வரப்பு நகராது, வீட்டில் ஒரு சுவர் எழாது. அவள் உட்கார்ந்து கால் மிதித்தால் போதும்.

இந்த மிஷினுக்குக் காந்தியும் ஒரு சலுகை கொடுத்தார். 1924-ல் டெல்லியில் இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் முடிந்து படுத்திருந்தவரைச் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் பார்க்க வந்தார். நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். சிங்கர் தையல் மிஷினைக் காந்தி விலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் காணப் பொறுக்காமல், அவள் மேல் வைத்த அன்பால் ஒருவன் செய்த பொருள் அது என்பது அவர் நினைப்பு. அந்த மாணவரின் பெயர் ஜி.ராமச்சந்திரன்.

அதே ராமச்சந்திரன் 1940-ல் திருமணம் செய்துகொண்டது சௌந்திரத்தை. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். பாலிய விவாகம் ஆகி, டாக்டரான கணவரை இளவயதில் பறிகொடுத்தவர். அதன் பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்து டாக்டருக்குப் படித்து முடித்தார். பெற்றோருக்கு அந்த மறுமணத்தில் சம்மதமில்லை, காந்தி முன்நின்றார். 1947-ல் இருவரும் திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்திரம் பிற்பாடு மத்தியில் கல்வித் துணை அமைச்சரானார். தையல் மிஷினைப் பற்றிக் கேட்டவர், விதவை என்று மூலையில் உட்கார மறுத்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். சௌந்திரத்துக்குப் படிப்பு கிடைத்தது, பெரிய வீட்டின் பின்னணி இருந்தது. அத்தைக்குக் கிடைத்தது அந்த உரையாடலில் வந்த பொருள்.

பாகம் பிரிந்த பிறகு அத்தை இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை ஒன்றில் குடியேறினார். மிஷின் ஜன்னலோரம். ஜாக்கெட்டுக்கு மூன்று ரூபாய், பாவாடைக்கு ஒன்றரை, ஓரம் அடிக்க நாலணா. காலை நேரத்தில் யாரும் துணி கொண்டுவர மாட்டார்கள். நல்ல நாளும் அதுவுமாக முதல் வேலையாக அவர் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று பத்து மணிக்கு மேல் வருவார்கள். வருகிற சுமங்கலிகள் அவர் கையால் அளவெடுக்கவிட மாட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து "இதுதான் அளவு" என்பார்கள். கல்யாண வீட்டிலிருந்து பன்னிரண்டு ஜாக்கெட் துணி வரும், முகூர்த்த ஜாக்கெட் மட்டும் வராது. அது வேறு தையல்காரரிடம் போகும். அத்தை அந்தப் பன்னிரண்டையும் ராத்திரி கண் விழித்துக் கொக்கி வைத்து முடித்து, தேய்த்து, மகள் கையில் கொடுத்து அனுப்புவார்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் முகூர்த்தத் துணியே வந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒரு கன்னடக்கார டீச்சர், தன் மகளை நேரே அழைத்துவந்து நிறுத்தி, "டைலரம்மா, நீங்களே அளவெடுங்க" என்று சொன்னாராம். டேப் கையில் நடுங்கியதாக அத்தை சொன்னார். ரோஜா நிறப் பட்டு, உள்ளே வெள்ளை லைனிங், கையில் சரிகைக் கரை. வெட்டி மிஞ்சிய ஒரு விரல் அகலத் துணியை அவர் தூக்கிப் போடவில்லை. இழுப்பறையில் நூல்கண்டு ஒன்றைச் சுற்றி அது இருந்தது. நிறம் இன்னும் போகவில்லை.

1984-ல் கர்நாடக அரசு ஆதரவற்ற விதவைகளுக்கு மாத ஓய்வூதியம் தொடங்கியது. அதைப் பெற அத்தை பல முறை அலைந்தார். இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு. கணவன் செத்ததையும் தான் ஏழை என்பதையும் வெவ்வேறு மேஜையில் நிரூபிக்க வேண்டியிருந்தது. "தாலி போனதுக்கே அத்தாட்சி கேக்கறாங்க" என்றார் ஒரு நாள், சிரிக்காமல். தொகை இப்போது மாதம் 800 ரூபாய். தபால்காரர் கொண்டுவரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத் துணி வாங்க வெளியே போகாமல் காத்திருப்பார். சின்னத் தொகைதான். ஆனால் அவர் பெயருக்கு வரும் பணம், யாரும் பாய் விரித்துப் பேசித் தராதது.

1994 மார்ச்சில் இதே பெங்களூரில், பன்னேருகட்டா ரோட்டு ஐ.ஐ.எம். வளாகத்தில், இந்திய விதவைகளின் நிலைமை பற்றி ஒரு மாநாடு நடந்தது. மார்த்தா செனின் முயற்சியில் கூடியது. அங்கே பேசப்பட்டவை பின்பு ஒரு நூலாகவும் வந்தன. அந்த நூலில் மக்கள்தொகை ஆய்வாளர் மாரி பட்டின் கணக்கு ஒன்று இருக்கிறது. வயது முதிர்ந்த பெண்களில், கணவன் இருக்கும் பெண்களைவிட விதவைகளின் இறப்பு விகிதம் 86 சதவீதம் அதிகம். அதைப் படித்த நாளில் அத்தையின் சமையல் மேடை கண்ணில் வந்தது. பிள்ளைகளுக்குப் போட்டது போக மீதி, ஏகாதசி என்று ஒரு நாள், வெள்ளி என்று ஒரு நாள், பல் வலிக்கு மருந்து வாங்காத மாதங்கள். அந்த 86 அப்படித்தான் கூடியிருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் விதவைகள் நாலு கோடிக்கு மேல். மனைவியை இழந்த ஆண்கள் ஒன்றேகால் கோடிக்கும் குறைவு. ஆண் மறுபடி மணக்கிறான், பெண் தனியே நிற்கிறாள் என்பது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் தெரிகிறது.

தொண்ணூறுகளில் ஆயத்த ஆடை பெருகி அத்தைக்கு வேலை குறைந்தது. அதே வருஷங்களில் மைசூர் ரோடு, பீன்யா, பொம்மனஹள்ளி என்று ஊரைச் சுற்றி கார்மென்ட்ஸ் கம்பெனிகள் எழுந்தன. அத்தையிடம் தெருப் பெண்கள் வந்து பெடல் மிதிக்கப் பழகிக்கொண்டார்கள். நேராக ஒரு கோடு ஓட்டத் தெரிந்தால் கார்மென்ட்ஸில் டைலர் என்று சேரலாம். அங்கே இருந்தவை ஜூகி போன்ற கரண்ட் மிஷின்கள், கால் தொட்டால் பறக்கும். அத்தையின் உஷாவில் பழகியவர்கள் முதல் வாரம் வேகத்துக்குப் பயப்படுவார்கள். கணவனை இழந்தவர்கள், விட்டுப்போனவனின் மனைவிகள், குடிகாரனைத் தாண்டி வந்தவர்கள். ஒரு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். அத்தையிடம் நான்கு வாரம் பழகியதற்கு ஒருத்தி வெற்றிலை பாக்குத் தட்டு கொண்டுவந்து காலில் விழுந்ததை நான் பார்த்தேன். சுபகாரியத் தட்டு அத்தையின் கைக்கு வந்தது பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

2016 ஏப்ரலில் அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. சங்கத் தலைவர்கள் அழைக்காமலேயே ஆயிரக்கணக்கானவர்கள் ஓசூர் ரோட்டிலும் துமகூரு ரோட்டிலும் இறங்கினார்கள். இரண்டாம் நாள் அரசு விதியைத் திரும்பப் பெற்றது. பி.எஃப். அவர்களுக்கு ஓய்வுகாலப் பணமாக இருந்ததில்லை. மகள் கல்யாணம், மகன் காலேஜ் ஃபீஸ், வாடகை வீட்டு அட்வான்ஸ் எல்லாம் அதுதான். பின்னால் நிற்க வீடும் நிலமும் இல்லாதவளுக்கு அந்த ஒரு தொகைதான் சுவர். டி.வி.யில் அதைப் பார்த்தபோது அத்தை வாய் திறக்கவில்லை. எழுந்து போய் மிஷின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்தார்.

இங்கே நான் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. குடியாத்தத்தில் தாத்தா கட்டிய வீட்டிலும் அத்தைக்குப் பங்கு இருந்தது. மகளுக்குத் தகப்பனின் சுயார்ஜிதத்தில் மகனுக்கு ஈடான பங்கு என்பது 1956-லிருந்தே சட்டம். வீட்டை விற்றபோது அப்பா ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீராமபுரத்துக்குப் போனார். "அண்ணன் கேட்டா போடாம இருப்பேனா" என்று அத்தை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலை அது. கொழுந்தன்மார் ஒரு மிஷினையாவது எழுதினார்கள். எங்கள் தாளில் அவருக்கென்று எதுவுமே இல்லை. என் காலேஜ் படிப்பு அந்தப் பணத்தில் நடந்தது.

2020-ல் ஊர் அடங்கியபோது மிஷினின் போர்வை மறுபடி எடுபட்டது. எழுபத்து நாலு வயதில் அத்தை முகக்கவசம் தைத்தார். பழைய வேட்டியை மூன்று மடிப்பாக மடித்து, நாடா வைத்து, தெருவுக்கெல்லாம். மறு வருஷம் இரண்டாம் அலையில், அத்தையிடம் பெடல் பழகிப் போன பெண்களில் ஒருத்தி கணவனை இழந்தாள். லக்கரேயில் வாடகை வீடு, பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலை, ஆறு வயதில் ஒரு மகன். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதிப்பவர் கொரோனாவில் இறந்தால் ஒரு லட்சம் என்று கர்நாடக அரசு அறிவித்த உதவி அவளுக்கு வந்தது. கணவனின் ஊர் சிரா பக்கம். அங்கே மாமனார் விட்டுப்போன தோட்டத்தில் பங்கு கேட்டபோது கொழுந்தன், "அண்ணி, உங்களுக்கு ஒரு நல்ல மிஷின் வாங்கித் தர்றோம்" என்றிருக்கிறான்.

அவள் இதை அத்தையிடம் வந்து சொன்ன அன்று நானும் இருந்தேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிஷின் வேணுமுன்னா என்னோடதை எடுத்துக்கோ. அவங்ககிட்ட நெலத்தைக் கேளு" என்றார்.

2023 ஜனவரியில் அத்தை காலமானார். பத்தாம் நாள், பதினாறாம் நாள் எல்லாம் முடிந்தபின் மகனும் மகளும் அம்மா சொன்னபடியே செய்தார்கள். லக்கரே வீட்டு மாடிப்படியில் ஸ்டாண்டு ஏறவில்லை. மேஜைப் பலகையும் கரையான் அரித்திருந்தது. அதனால் தலையை மட்டும் கழற்றினோம். தோல் வாரை அறுத்தபோது அத்தை மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்டாண்டை ஜாலி மொஹல்லா பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார். உடைத்து உருக்குவார்கள் என்று நினைத்தேன். இல்லையாம். மேலே கண்ணாடியோ தேக்குப் பலகையோ போட்டுக் காபிக் கடைகளுக்கு மேஜையாக விற்கிறார்களாம், இந்திராநகர் பக்கம் நல்ல கிராக்கி என்றார். அதற்குப் பிறகு அப்படி ஒரு மேஜையைப் பார்த்தால் பெடலைக் காலால் தொட்டுப் பார்க்கிறேன். அதுவாக இருக்காது என்று தெரியும்.

தலை இப்போது லக்கரேயில் ஒரு பிளைவுட் மேஜையில் இருக்கிறது. பக்கவாட்டில் சின்ன மோட்டார் மாட்டியிருக்கிறாள். இழுப்பறையை மட்டும் கழற்றி எடுத்துப்போய் மேஜைக்கு அடியில் ஆணி அடித்துப் பொருத்திக்கொண்டாள். முத்திரைத்தாளை என்ன செய்வது என்று கேட்டேன். "இருக்கட்டும், எங்க லாயரம்மாகிட்டக் காட்டணும்" என்றாள்.

அந்த லாயரம்மா இலவச சட்ட உதவி மையம் நியமித்தவர். பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும் என்பது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். அத்தைக்கு அதை யாரும் சொல்லவில்லை. இவளுக்கு கார்மென்ட்ஸ் சங்கத்தில் சொன்னார்கள். சிரா கோர்ட்டுக்குப் போக பஸ் செலவும் இல்லை. 2023 ஜூனிலிருந்து அரசுப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். போவது ஒரு நாள் சம்பளம்தான். அதை ஈடுகட்ட ராத்திரியில் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாள். நூல் செலவு போக ஒரு ஃபால்ஸுக்கு அறுபது ரூபாய் நிற்கும். ஒரு வாய்தாவுக்கு எட்டு ஃபால்ஸ்.

போன வாரம் போயிருந்தபோது ஏழாவதை அடித்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை, மாம்பழ நிறக் கரை. எட்டாவது, மடித்தபடி மகனின் ஸ்கூல் பையின் மேல் இருந்தது. வாய்தா வியாழக்கிழமை.